முத்தனைய மூவரும்

பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் உணவுக்கூடத்தில் கலாவதிக்கு வேலை. காலை எட்டு மணிக்குத் தலையில் வெள்ளைத் தொப்பியை மாட்டினால், இருநூறு பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பி, தட்டுகள் கழுவி, மேசைகள் துடைத்து முடிய மூன்று மணியாகிவிடும். கரட் சாப்பிடாத பிள்ளை எது, பன்றி இறைச்சி வேண்டாத பிள்ளை எது என்பதெல்லாம் அவருக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும். அங்கே அவரை எல்லாரும் மதாம் கலா என்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளைத் தொப்பியும் ரப்பர் செருப்புமாக நிற்கும் அந்த மதாம் கலா வெண்பா எழுதுவார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலும் விளங்கியிராது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தெரியும். ஆனால் அங்கேயும் பெயர் தெரியாது. "உந்தக் கன்ரீன் அக்கா எழுதித் தருவா" என்பார்கள். அவ்வளவுதான்.

அவர் எழுதியது கல்வெட்டுப் பாடல்கள். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்ச வரலாறு, பிறகு பாடல்கள். செத்த நாளையும் திதியையும் சொல்லும் வெண்பா ஒன்று, குடும்பத்தைச் சொல்லும் வெண்பா ஒன்று, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். அந்தப் புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். பாரிசுக்கு வந்த பிறகும் சனம் அதை விடவில்லை. விடாததால் எழுத ஆள் தேவைப்பட்டது.

கலாவதி உயர்தரத்தில் தமிழ் படித்தவர். யாப்பு அவருக்குக் கணக்குப் போலப் பிடிபட்டது. தொண்ணூற்றேழில், அவருடைய கணவர் குணரத்தினத்தோடு ஒரே உணவகத்தின் குசினியில் வேலை செய்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். கல்வெட்டுக்குப் பாட்டு எழுத ஊருக்குத் தந்தி அடிக்கிற காலம் போய், தொலைபேசி எடுத்தாலும் கிடைக்காத காலம் அது. "நீர் படிச்சனீர்தானே, நாலு வரி எழுதும்" என்றார் குணரத்தினம். எழுதினார். பிலிப்-து-ஜிரார் தெருவில் அச்சகம் வைத்திருந்த துஷ்யந்தன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இனி என்னட்டை வாறதெல்லாத்தையும் உங்களிட்டை அனுப்புறன்" என்றான். அனுப்பினான். இருபத்தேழு வருடங்களில் நானூற்றுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் துஷ்யந்தன், "கீழை உங்கடை பேரைப் போடட்டோ?" என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி. மற்றவையின்ரை கண்ணீரிலை நான் பேர் எடுக்கிறதோ?"

அதை அவர் மனதாரத்தான் சொன்னார். அதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. கொப்பியில் எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்துத் துஷ்யந்தனுக்கு அனுப்பிவிட்டால், பிறகு அச்சில் வந்ததை அவர் பார்ப்பதில்லை. புறநகரான வில்லியே லே பெல்லில் அவர்களுடைய வீடு இரண்டு அறை. அதற்குள் இத்தனை பேருடைய சாவைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? மகள் நிரோஜினி சின்னப் பிள்ளையாக இருந்த நாளில், மேசையில் கிடந்த ஒரு கல்வெட்டின் படத்தைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கிறாள். அன்றோடு அச்சுப் புத்தகம் வீட்டுக்கு வரவே கூடாது என்று முடிவு செய்துவிட்டார். எழுதிய கொப்பிகள் மட்டும் அலுமாரியின் மேல்தட்டில் பதினொன்று இருந்தன.

போன வருடம் தை மாதத்தில் கரிகாலன் என்ற ஒருவர் துஷ்யந்தனின் அச்சகத்துக்குத் தன்னுடைய பதிப்பகத்தின் அட்டை ஒன்றை அடிக்க வந்தார். பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் தமிழ்ப் புத்தகம். வருடத்துக்கு மூன்று நான்கு நூல்கள் போடுவார். இயந்திரம் ஓடி முடியும்வரை சும்மா இருக்கமாட்டாமல், மூலையில் அடுக்கியிருந்த பழைய கல்வெட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டியவர், நின்றபடியே ஏழெட்டைப் படித்துவிட்டார்.

"இதெல்லாம் ஆர் எழுதினது?"

துஷ்யந்தன் சொன்னான். அடுத்த புதன்கிழமை பின்னேரம் கரிகாலன் ஒரு தேநீர்க் கடையில் கலாவதிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. இது சும்மா கல்வெட்டுப் பாட்டில்லை. இந்த நகரத்திலை செத்த எங்கடை சனத்தின்ரை முப்பது வருஷம் இதுக்குள்ளை கிடக்குது. நாப்பது பாட்டைத் தெரிஞ்செடுத்து ஒரு புத்தகமாப் போடுவம்."

கலாவதி தேநீர்க் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் எழுத்தைப் பற்றி ஒருவர் முன்னால் உட்கார்ந்து கதைப்பது அதுதான் முதல் தடவை. வீடு வந்து குணரத்தினத்திடம் சொன்னபோது, அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "புத்தகமோ? உம்மடை பேரிலையோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஆனால் கரிகாலனுக்கு நிபந்தனைகள் இருந்தன. பாடல்களில் வரும் பெயர்களை எடுத்துவிட வேண்டும் என்றார். ஒரு சிவஞானத்துக்கு அழுததை எல்லாத் தகப்பனுக்கும் அழுததாக ஆக்கினால்தான் அது கவிதை, இல்லாவிட்டால் அறிவித்தல் என்றார். பெயர் இருந்துதான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பிறகு யாராவது வழக்கு என்று வந்தால் தன்னால் ஓடமுடியாது.

"பேரை எடுத்தால் சீர் குறையும், தம்பி" என்றார் கலாவதி.

"வேறை சொல்லுப் போடலாந்தானே?"

"போடலாம். ஆனால் அது ஆருக்கு எழுதினது?"

கரிகாலன் சிரித்துவிட்டுக் கடதாசிகளை நீட்டினார். நாற்பது அனுமதிப் படிவங்கள்.

அப்படித்தான் கலாவதி நடக்கத் தொடங்கினார். வேலை முடிந்து மூன்று மணிக்குப் பிறகு, துஷ்யந்தனிடம் வாங்கிய விலாசங்களோடு வீடு வீடாகப் போனார். பெரும்பாலும் நல்ல வரவேற்புத்தான். ஒருவர், "அப்பாவின்ரை பாட்டு உங்கடையோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினார். இரண்டு பேர் கதவையே முழுதாகத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், செத்தவரின் பெயர் வெளியே வந்தால் பழைய பப்பியே, அதாவது வதிவிடப் பத்திர விசயங்கள் கிளறப்படும் என்று பயந்து மறுத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான் என்று கலாவதி அந்தப் பாட்டை அப்போதே பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்.

மாசி கடைசியில், கரிகாலன் பாதிப் பாடல்களைத் தட்டச்சுச் செய்து முதல் படியைக் கொடுத்தார். பென்சிலால் ஓரத்தில் குறிப்புகள். பெரும்பாலும் எழுத்துப் பிழைகள், ஓரிரு சந்தேகங்கள். பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "தளை தட்டுகிறது. பார்க்கவும்" என்று எழுதியிருந்தார்.

கலாவதி அந்தக் குறிப்பை ஆர்.ஈ.ஆர். புறநகர் ரயிலில் வாசித்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு குழையலாம், கறிக்கு உப்புக் கூடலாம். தன் வெண்பாவில் தளை தட்டாது. வட்டம் போட்ட இடத்தைப் பார்த்தார்.

முத்தனைய இருவரும் முன்னின்று கைகூப்ப.

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இடறியது. மறுபடி சொன்னார். மறுபடியும் இடறியது. 'முத்தனைய' என்று காயில் முடிந்த சீருக்குப் பின்னால் நேரசை வரவேண்டும். 'இரு' நிரையசை, வரவே வராது. எழுதுகிறபோது தூக்கம் வந்திருந்தாலும் அந்தப் பிழையை அவர் விட்டிருக்கமாட்டார். மோனையும் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கதிரை போட்டு ஏறி மேல்தட்டிலிருந்த கொப்பிகளை இறக்கினார். நான்காவது கொப்பியில், 2007 பங்குனி என்று தேதியிட்ட பக்கத்தில், நீல மையில் இப்படி இருந்தது:

முத்தனைய மூவரும் முன்னின்று கைகூப்பப்
பத்தினியாள் கண்ணீர் பனிசோரச் – சித்தம்
நிறைந்த சிவஞானம் நீங்காத இன்பம்
இறைவன் அடிபெற்றான் இன்று.

மூவரும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அந்த வீடே கண்ணுக்குள் வந்துவிட்டது.

சிவஞானம் என்பவர் வில்லியே லே பெல்லில் அடுத்த தொடர்மாடியில் இருந்தவர். அவர் இறந்து ஒரு கிழமையில் விபரம் கேட்க அந்த வீட்டுக்குக் கலாவதி போயிருந்தார். ஆண்கள் எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். சிவஞானத்தின் தமையன்தான் பெயர்களைச் சொன்னார்: மூத்த மகன் தனூஜன், கனடாவில் இருக்கிற இளைய மகன். எழுதி முடித்து எழும்பும்போது, உள்ளறையில் படுத்திருந்த மனைவி கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தபோது காதுக்குள் சொன்னார்: "எனக்கு மூண்டு பிள்ளையள், தங்கச்சி. நடுவிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்குது. மூண்டெண்டே எழுதுங்கோ."

கலாவதி வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று என்றே எழுதினார். பெயர்ப் பட்டியல் குடும்பத்தாருடைய பாடு, பாட்டு தன்னுடைய பாடு என்று நினைத்தார். நினைத்துக் கொடுத்ததோடு சரி.

அன்று சாப்பாட்டு மேசையில் விசயத்தை மகளிடம் சொன்னார். நிரோஜினிக்கு இருபத்தைந்து வயது. பல்கலைக்கழகத்தில் பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கியத்தில் ஆய்வு செய்கிறாள். அந்தக் காலத்துக் கவிஞர் ஒருவரும் அவருடைய அச்சுக்காரர்களும் பட்ட பாடுதான் அவளுடைய தலைப்பு. இந்த ஊரில்தான் அந்தக் கவிஞர் மூன்று அச்சுக்காரர்களோடு சண்டை பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கடிதம் எழுதி, கடைசியில் நாலாவது ஆளிடம் போயிருக்கிறார். தாய் இப்படி வெண்பா எழுதுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்து அவள் யோசித்தது கிடையாது.

"அவர் அச்சடிக்கிற இடத்திலேயே நின்று பார்ப்பாராம்" என்று பிரெஞ்சில் சொன்னாள். "இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எழுத்தை மாற்றி, மறுபடி ஓட விடுவாராம். அதையும் மீறி வந்த பிழைகளைப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியலாகப் போடுவார்கள்." பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள். "அம்மா, நீங்கள் ஏன் ஒரு நாளும் போய்ப் பார்க்கேல்லை?"

கலாவதி கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானூறு புத்தகம். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அதை இவ்வளவு நாளும் அடக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அச்சகத்துக்குப் போனார். துஷ்யந்தன் ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழை மடித்துக்கொண்டிருந்தான். கலாவதி கொப்பியையும், மூலை அடுக்கிலிருந்து எடுத்த அச்சுக் கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"இதை ஆர் மாத்தினது?"

துஷ்யந்தன் குனிந்து பார்த்தான். அவனுக்கு உடனே நினைவு வந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பெரியவர் வந்தவர் அக்கா. சிவஞானத்தின்ரை தமையன். அந்தப் பிள்ளை வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு போனதாம், பேர் எங்கையும் வரக்கூடாதாம் எண்டு நிண்டார். அடுத்த நாள் முப்பத்தொண்டு. உங்களுக்குப் போன் எடுத்தன், நீங்கள் வேலையிலை. இருவர் எண்டு நான்தான் போட்டன்."

"பிறகும் நீ எனக்குச் சொல்லேல்லை."

"ஒரு சொல்லுத்தானே அக்கா எண்டு விட்டிட்டன்."

"ஒரு சொல்லில்லைத் தம்பி. ஒரு பிள்ளை."

துஷ்யந்தன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் இரண்டு பேர் அட்டை பார்க்க வந்து நின்றார்கள். அவர்களை அவன் கவனிக்கவேயில்லை. "அந்தாள் இப்ப செத்தும் போச்சுது அக்கா" என்று சொன்னான். "அவருக்கும் நீங்கள்தான் பாட்டு எழுதினனீங்கள்."

கலாவதிக்கு அது நினைவு இல்லை. கொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை எங்கை இருக்குதெண்டு தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்திருந்தது. லா சப்பலில் தெரியாதது என்ன? பெயர் கஜனி. மார்க்ஸ் டோர்மோயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கலாவதியின் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். இத்தனை வருடமும் அதே தெருவால்தான் அவர் போய் வந்திருக்கிறார்.

இருந்தும் அந்த ஆறு நிமிடத்தை நடக்க அவருக்குப் பத்து நாள் பிடித்தது. இரண்டு தரம் கடை வாசல்வரை போய், மருந்துக்கடைகளின் அடையாளமான பச்சைச் சிலுவை மின்னுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். போய் என்னவென்று சொல்வது? உன்னை நான் விடவில்லை, ஆனால் விட்டதைப் பார்க்கவும் இல்லை என்றா?

பதினோராம் நாள் உள்ளே போனார். கஜனி வெள்ளை மேலங்கி போட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நின்றாள். நாற்பத்துநாலு வயது இருக்கும். தமிழ் முகத்தைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்து, "சொல்லுங்கோ அன்ரி" என்றாள்.

"பிள்ளை, நான் மருந்துக்கு வரேல்லை. என்ரை பேர் கலாவதி. உங்கடை அப்பாவின்ரை கல்வெட்டுக்குப் பாட்டு எழுதினது நான்."

சிரிப்பு நின்றுவிட்டது. கஜனி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரை வடிவாகப் பார்த்தாள்.

"நீங்களோ?" என்றாள். "முத்தனைய இருவரும் முன்னின்று கைகூப்ப. நீங்களோ அது?"

கலாவதி தலையை ஆட்டினார்.

"ஆரோ எனக்கு அந்தக் கல்வெட்டைத் தபாலிலை அனுப்பினவை. பேர் போடாமல். நான் அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வந்து வாசலிலை நிண்டிட்டுத் திரும்பினனான், அன்ரி. உள்ளுக்கு விடேல்லை. அந்தப் புத்தகத்திலை பேர் இராதெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு நான் அழேல்லை. ஆனால் பாட்டு..." முன்னால் கிடந்த பெட்டி ஒன்றை நேராக்கினாள். "பாட்டு எழுதுறவைக்கு எங்களைத் தெரியாதே. அவைக்கு என்ன கோவம்? கணக்கெடுத்து இருவர் எண்டு எழுதியிருக்கினமே எண்டுதான் அழுதனான். பதினேழு வருசமா அந்த வரி எனக்குப் பாடம்."

கலாவதி பையிலிருந்து கொப்பியை எடுத்து, மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் விரித்து வைத்தார். விரலை அந்தச் சொல்லில் வைத்தார்.

கஜனி வாசித்தாள். அவள் பதினொரு வயதில் பிரான்சுக்கு வந்தவள். தமிழ் வாசிப்பாள், ஆனால் மெல்ல. உதடு அசைந்தது. முதல் வரியைத் தாண்டி அவள் போகவில்லை.

"அச்சிலை மாத்திப் போட்டினம்" என்றார் கலாவதி. "உங்கடை பெரியப்பா சொல்லி. நான் பார்க்கேல்லை பிள்ளை. பார்த்திருக்க வேணும். அது என்ரை பிழைதான். ஆனால் நான் எழுதினது இதுதான். எழுதச் சொன்னது உங்கடை அம்மா."

"அம்மாவோ?"

கலாவதி அந்த உள்ளறையைச் சொன்னார். குனிந்ததைச் சொன்னார். காதுக்குள் கேட்ட வார்த்தைகளை அப்படியே சொன்னார்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றாள் கஜனி.

சொன்னார்.

"நடுவிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டோ சொன்னவ?"

"ஓம். அப்பிடித்தான்."

கஜனி உள்ளே போய்விட்டாள். கூட வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி வந்து வாடிக்கையாளரைக் கவனித்தாள். கலாவதி ஓரமாக, எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். திரும்பி வந்தபோது கஜனியின் முகம் கழுவியிருந்தது.

அப்பா செத்த பிறகு, மாதம் ஒருமுறை அம்மா இந்தக் கடைக்கு வருவாராம். வில்லியே லே பெல்லில் எத்தனையோ மருந்துக்கடை இருக்க, பஸ் எடுத்து, ரயில் எடுத்து இங்கே வருவாராம், பிரஷர் மாத்திரை வாங்க. மற்றச் சனம் நிற்கும் என்பதால் வாடிக்கையாளரைப் போலவே கதைப்பாராம். சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ என்று கேட்பாராம். எட்டு வருடம் அப்படி வந்தார். அந்தக் கல்வெட்டைப் பற்றி மகளும் கேட்கவில்லை, தாயும் சொல்லவில்லை. 2015இல் தாயும் போய்விட்டார். அந்தச் செத்தவீட்டிலும் அண்ணன் தனூஜன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவவும் அச்சிலை பார்த்திருப்பா என்ன?" என்றாள் கஜனி. "தான் சொன்ன சொல்லை நீங்கள் கேக்கேல்லை எண்டு உங்களிலை கோவிச்சிருப்பா."

அது கலாவதி நினைத்திராத ஒன்று. அந்தத் தாய் சாகும்வரை தன்னைத்தான் குற்றம் நினைத்திருப்பார். தெருவில் கண்டிருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பார். கண்டும் இருக்கலாம், தான் கவனிக்காமல் போயிருக்கலாம்.

அனுமதிப் படிவத்தில் கஜனி கையெழுத்திட்டுத் தந்தாள். கொப்பிப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

கலாவதி நடந்ததையெல்லாம் கரிகாலனிடம் சொன்னபோது, அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, அந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்றார். தங்கை கையெழுத்துப் போட்டாலும் தமையன் போடமாட்டான். தனூஜனுக்கு லா சப்பலில் இரண்டு கடை இருக்கிறது, நாலு பேரைத் தெரியும். பதிப்பகத்துக்கு வீண் பகை.

"அல்லது பேரை எடுத்திட்டுப் போடுவம் அக்கா. 'மூவரும்' இருக்கட்டும், 'சிவஞானம்' வேண்டாம்."

"பேரில்லாமல் மூவர் எண்டால் அது ஆரின்ரை மூவர், தம்பி?"

"நான் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறன்."

"நீங்கள் யோசிக்கிறது சரி. ஆனால் இந்தப் பாட்டு இல்லாட்டி மற்றதுகளும் வேண்டாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. கரிகாலனுக்கு அது முடிவான பேச்சு என்று விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. கலாவதி முதல் படியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். ரயிலில் அழுகை வந்தது. தன் பெயர் போட்ட ஒரு புத்தகத்துக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கல்வெட்டு எழுதச் சொல்லித் துஷ்யந்தன் அனுப்பிய இரண்டு வேலைகளையும் கலாவதி திருப்பிவிட்டார். வைகாசியில் ஒரு நாள், பள்ளிக்கூட வாசலிலேயே துஷ்யந்தன் வந்து நின்றான். அச்சகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். அவன் பகலில் அச்சகத்தைப் பூட்டியதை லா சப்பலில் யாரும் கண்டதில்லை.

"அக்கா, புத்தகத்தை நான் அடிக்கிறன். என்ரை அச்சகத்தின்ரை பேரிலை. தனூஜன் வந்து கத்தினால் என்னட்டைக் கத்தட்டும். நான் வாங்க வேண்டிய ஏச்சுத்தானே."

கலாவதி உடனே சம்மதிக்கவில்லை. தட்டுக் கழுவிச் சிவந்த கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஒவ்வொரு பக்கமும் நான் பார்த்துச் சரி எண்டு சொன்னால்தான் ஓடவேணும். நான் அங்கை நிப்பன்."

"நில்லுங்கோ அக்கா. கதிரை போட்டு வைக்கிறன்."

பதிப்பிக்கும் வேலை தொடங்கிய பிறகு, எதிர்பாராத ஒரு ஆளும் வந்தார். கரிகாலன். கையில் ஓர் உறை. உள்ளே முழுப் புத்தகத்தின் படி, நாற்பது பாடல்களுக்கும் பென்சில் குறிப்புகளோடு. கலாவதி விட்டுப்போன பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. மிச்சப் பாதியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து முடித்திருந்தார். "நான் போடமாட்டன் எண்டது என்ரை பயம். அதுக்காகப் பாட்டிலை பிழை இருக்கக்கூடாதுதானே" என்றார். அந்தக் குறிப்புகளில் மூன்று இடத்தில் அவர் சொன்னதே சரி. கலாவதி மூன்றையும் திருத்திக்கொண்டார். முன்பக்கத்தில், படி திருத்தியவர் என்று கரிகாலனின் பெயரைப் போடச் சொன்னதும் கலாவதிதான்.

குடும்பங்கள் சம்மதித்தது இருபத்தாறு பாடல்களுக்கு. இருபத்தாறோடு புத்தகம் புரட்டாதியில் வந்தது. பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு பதிவு. 2007 ஏப்ரலில் அச்சான சிவஞானம் கல்வெட்டில் 'இருவரும்' என்று உள்ளதை 'மூவரும்' என வாசிக்கவும். மாற்றியது அச்சகம் என்று துஷ்யந்தன் தானாகவே சேர்த்தான். அதற்குப் பக்கத்தில், பார்க்காமல் விட்டது பாடியவர் என்று கலாவதி சேர்த்தார். அதை எடுத்துவிடச் சொல்லி நிரோஜினி எவ்வளவோ வாதாடினாள். கலாவதி கேட்கவில்லை.

வெளியீடு ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. எழுபது பேர்வரை வந்தார்கள். குணரத்தினம் கோட்டுப் போட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்தார். கலாவதி பேசத் தொடங்கி மூன்று வசனத்தில் நிறுத்திவிட்டார். கஜனி தன் கணவர் யோனோடு வந்து கடைசி வரிசையில் இருந்தாள். போகும்போது இரண்டு புத்தகம் வாங்கினாள். ஒன்று தனக்கு. மற்றது யாருக்கு என்று சொல்லவில்லை, கலாவதியும் கேட்கவில்லை.

தனூஜன் அச்சகத்துக்கு வந்து கத்தவில்லை. ஒரு கடைக்காரர் மட்டும் இனிமேல் உங்களிடம் அட்டை அடிக்கமாட்டேன் என்று துஷ்யந்தனிடம் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தக் கடைக்காரரே அட்டை அடிக்கத் திரும்பி வந்தார். கலாவதி மறுபடி கல்வெட்டு எழுதத் தொடங்கினார். இப்போது பாட்டுக்குக் கீழே பெயர் போடுகிறார், படி பார்த்துக் கையெழுத்து வைக்காமல் விடுவதில்லை. மாதத்தில் இரண்டு மூன்று பின்னேரம் அதற்குப் போய்விடுகிறது. ரயில் தவறி வீட்டுக்குப் பிந்திப் போனால் குணரத்தினமே சோறு போட்டு வைத்திருப்பார்.

கார்த்திகையில் ஒரு நாள் மருத்துவர் கலாவதிக்கும் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டோடு கஜனியின் கடைக்குப் போனார். அன்று வரிசை நீளம். கஜனி மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கணினியில் பதிந்தாள். பிறகு குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, "அன்ரி, அண்ணா மெசேஜ் அனுப்பினவர்" என்றாள்.

"என்ன எழுதினவர்?"

"'புத்தகம் கிடைச்சுது' எண்டு. அவ்வளவுதான்."

"நீங்கள் என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. மூண்டு நாளாச்சுது. எழுதிறன், அழிக்கிறன்." அவள் பெட்டியைக் காகிதப் பைக்குள் போட்டு நீட்டினாள். "நீங்கள் எண்டால் என்ன எழுதுவீங்கள்?"

கலாவதி பையை வாங்கிக்கொண்டார். நானூறு வீட்டுக்குச் சொல்லு எடுத்துக் கொடுத்தவருக்கு, அந்த ஒரு ஆளுக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. "தெரியேல்லைப் பிள்ளை" என்றார்.

கஜனி தலையாட்டினாள். பின்னால் ஒரு முதியவர் இருமினார். அடுத்தவர் வரலாம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.